ஜெனரல் திம்மய்யா: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரிச்மண்ட் ரோட்டுக்கு மாநகராட்சி வைத்திருக்கும் பெயர் ஜெனரல் திம்மய்யா சாலை. தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் பலருக்கு அவர் ராணுவத் தளபதி என்பது வரை தெரியும். கொரியாவிலும் சைப்ரஸிலும் அவர் செய்த வேலை பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்கும் பிள்ளைகள், என்.டி.ஏ., யு.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள், தாத்தா சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் படையில்) இருந்தார் என்று தொடங்கும் அல்சூர்க்காரர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம்.

திம்மய்யா யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கோடந்தேரா சுப்பய்யா திம்மய்யா, 1906 மார்ச் மாதக் கடைசியில் குடகின் மடிக்கேரியில் பிறந்தார். 1926 பிப்ரவரியில் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியிலிருந்து அதிகாரியாக வெளிவந்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மாவின் அரக்கான் முனையிலும், 1948இல் காஷ்மீரிலும் போரிட்டார். 1953-54இல் கொரியப் போர்க்கைதிகள் விவகாரத்தில் ஐந்து நாட்டு ஆணையத்தின் தலைவர். 1957 மே முதல் 1961 மே வரை இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதி. 1964 ஜூலையில் சைப்ரஸில் ஐ.நா. அமைதிப்படைத் தளபதியாகப் பொறுப்பேற்று, 1965 டிசம்பர் 18 அன்று பதவியில் இருக்கும்போதே மாரடைப்பால் அங்கேயே காலமானார்.

நூலகத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கோடந்தேரா என்பது குடகு வழக்கப்படி முன்னால் வரும் வீட்டுப்பெயர். சில அட்டவணைகளில் ‘தி’ வரிசையில் இருப்பார், சிலவற்றில் ‘கோ’ வரிசையில். இரண்டையும் பாருங்கள்.

கரியப்பாவும் இவரும் ஒருவரா? உறவினரா?

இருவரும் குடகர்கள், இருவரும் தலைமைத் தளபதிகள், இருவர் பெயரிலும் பெங்களூரில் சாலை இருக்கிறது. குழப்பம் அதனால்தான் வருகிறது. 1949 ஜனவரி 15 அன்று முதல் இந்தியத் தலைமைத் தளபதியானவர் கரியப்பா. பிறகு ஃபீல்டு மார்ஷல் ஆனார். ரெசிடென்சி ரோடு அவர் பெயரில் இருக்கிறது. திம்மய்யா முழு ஜெனரலாக ஓய்வு பெற்றார். ஃபீல்டு மார்ஷல் அல்ல. திம்மய்யாவின் மனைவி நீனாவும் கரியப்பா என்ற பெயருடைய குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

தமிழ்நாட்டோடு அவருக்கு என்ன தொடர்பு?

மூன்று தொடர்புகளைச் சொல்லலாம். எட்டு வயதில் அவரைக் குன்னூர் செயின்ட் ஜோசப் கல்லூரிப் பள்ளியில் விடுதி மாணவராகச் சேர்த்தார்கள். அதன் பிறகுதான் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளி, பிறகு டேராடூன் ராணுவக் கல்லூரி. இரண்டாவது, 1936இல் சென்னைப் பல்கலைக்கழகப் பயிற்சிப் படைக்கு அஜூடன்டாக (நிர்வாக அதிகாரியாக) அனுப்பப்பட்டார். இன்றைய என்.சி.சி.க்கு முன்னோடி அது. மாணவர்களிடையே விடுதலை இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் ராணுவச் சீருடையில் கல்லூரி இளைஞர்களைப் பழக்குவது சிக்கலான வேலைதான். மூன்றாவதுதான் கனமானது: காஷ்மீரின் சோஜி லா கணவாயில் மெட்ராஸ் சாப்பர்ஸோடு அவர் சேர்ந்து செய்தது. அதைத் தனியாகப் பார்ப்போம்.

அண்ணன் நேதாஜி படையில் இருந்தாராமே?

ஆம். மூத்த சகோதரர் பொன்னப்பா சிங்கப்பூரில் சிறைப்பட்டு, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். தம்பி திம்மய்யா 19ஆம் ஹைதராபாத் ரெஜிமென்ட்டின் 8ஆவது பட்டாலியனை அரக்கானில் ஜப்பானியருக்கு எதிராக நடத்திக்கொண்டிருந்தார். அந்த ரெஜிமென்ட்தான் இன்றைய குமாவோன். அந்தப் போர்முனைக்காக டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது கிடைத்தது. அந்தப் போரில் காலாட்படைப் பிரிகேடு ஒன்றைக் களத்தில் நடத்திய ஒரே இந்தியர் என்று ராணுவ வரலாறுகள் அவரைக் குறிப்பிடுகின்றன. போர் முடிந்ததும் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த காமன்வெல்த் படையில் இந்தியப் பிரிகேடு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். தோற்ற நாட்டில் காவல் நிற்பது எப்படி என்ற பாடத்தை அவர் அங்கேதான் படித்தார். கொரியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஜப்பான் ஆண்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது என்பது எங்கள் கருத்து.

சோஜி லாவில் டாங்கி ஏற்றியது எப்படி? அதில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பங்கு என்ன?

1948இல் ஸ்ரீநகரிலிருந்து லடாக்குக்குப் போகும் தரைவழியான சோஜி லா கணவாய் எதிரியான பாகிஸ்தான் தரப்பின் கையில் இருந்தது. உயரம் 11,500 அடிக்கு மேல். இருபுறமும் செங்குத்துப் பாறை. குகைகளிலும் பதுங்குகுழிகளிலும் இயந்திரத் துப்பாக்கிகள். செப்டம்பரில் காலாட்படையை மட்டும் வைத்துச் செய்த தாக்குதல்கள் தோற்றன. பனிக்காலம் தொடங்கினால் லடாக்கின் தலைநகர் லே கைவிட்டுப் போய்விடும். 19ஆவது டிவிஷன் தளபதி திம்மய்யா டாங்கிகளைக் கேட்டார்.

ஏழாவது லைட் கவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஜம்முவில் இருந்தன. இலகுவகைதான், ஆனாலும் அங்கிருந்த பாலங்களுக்கு அது பாரம். சுழல் கோபுரங்களைக் கழற்றித் தனியாக ஏற்றினார்கள். பாரம் குறைந்தது, டாங்கி என்று அடையாளமும் தெரியாமல் போனது. பாலங்களைப் பலப்படுத்தி, பனிஹால் வழியாக ஸ்ரீநகர், அங்கிருந்து கணவாயின் அடிவாரமான பால்தால் வரை கொண்டுவந்தார்கள்.

பால்தாலிலிருந்து மேலே இருந்தது கோவேறு கழுதைப் பாதை. அதை டாங்கி ஏறும் பாதையாக அகலப்படுத்தியவர்கள் மேஜர் தங்கராஜு தலைமையிலான மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள். பாறையை வெடிவைத்துப் பிளக்கும் வேலை, எதிரியின் குண்டெல்லைக்குள். அல்சூர் ஏரிக்கரையில் முகாம் கொண்டிருக்கும் எம்.இ.ஜி.யின் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ‘தம்பி’கள் இவர்கள்தான்.

1948 நவம்பர் 1 அன்று பனி பெய்துகொண்டிருக்கும்போது டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன. அந்த உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரி எண்ணவே இல்லை. டிவிஷன் தளபதியான திம்மய்யா முன்னால் போன டாங்கி ஒன்றிலேயே இருந்தார். அதே மாதத்தில் திராஸும் கார்கிலும் மீட்கப்பட்டன. முன்னதாக மே மாதம், விமானப்படையின் மெஹர் சிங் ஓட்டிய டகோட்டா விமானத்தில் லேயின் மணல்தரையில் முதன்முதலாக இறங்கியவர்களில் ஒருவரும் அவர்தான்.

கொரியாவில் இந்தியாவுக்கு என்ன வேலை?

1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானது. அதற்கு முன் பேச்சுவார்த்தையை ஓராண்டுக்கு மேல் முடக்கியது ஒரே கேள்வி: ஊர் திரும்ப மறுக்கும் போர்க்கைதியை என்ன செய்வது? கட்டாயமாகத் திருப்பி அனுப்பு என்றது சீன, வட கொரியத் தரப்பு. விருப்பமில்லாதவனை அனுப்ப மாட்டோம் என்றது ஐ.நா. படை, அதாவது நடைமுறையில் அமெரிக்கா. ஐ.நா. பொதுச்சபை 1952 டிசம்பர் 3 அன்று ஏற்ற இந்தியத் தீர்மானம் நடுவழி ஒன்றைக் காட்டியது. அதை உருவாக்கியவர் வி.கே. கிருஷ்ண மேனன். பின்னாளில் திம்மய்யா யாருடன் மோதினார் என்று தெரிந்தவர்கள் இந்த இடத்தைக் குறித்துவைத்துக் கொள்ளலாம்.

அதன் வழியில் அமைந்ததுதான் நடுநிலை நாடுகளின் கைதிகள் திருப்பியனுப்பும் ஆணையம். உறுப்பினர்கள் சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, இந்தியா. முதல் இரண்டும் பெரும்பாலும் ஒருபக்கம் வாக்களிக்கும், அடுத்த இரண்டும் மறுபக்கம். முடிவு பெரும்பான்மை வாக்கில். ஆக, ஒவ்வொரு சிக்கலிலும் தீர்ப்பு தலைவரான திம்மய்யாவின் ஒரு வாக்கில் வந்து நின்றது. கைதிகளைக் காவலில் வைக்கும் படையை அனுப்பியதும் இந்தியா மட்டுமே. அதற்குத் தளபதி மேஜர் ஜெனரல் எஸ்.பி.பி. தோரட். அரசியல் ஆலோசனைக்கு பி.என். சக்கரவர்த்தி, பி.என். ஹக்சர் போன்றவர்கள் உடன் இருந்தார்கள்.

தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியச் சிப்பாய் ஒருவரும் தன் மண்ணில் கால்வைக்கக் கூடாது என்றார். அதனால் இஞ்சியோன் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்தவர்களை அமெரிக்க ஹெலிகாப்டர்களில் தூக்கிக்கொண்டுபோய் இரு கொரியாக்களுக்கும் நடுவிலான படைநீக்கப் பகுதியில் இறக்கினார்கள். அங்கே எழுந்த முகாமுக்கு ‘ஹிந்த் நகர்’ என்று பெயர்.

கைதிகள் எத்தனை பேர்? விசாரணை எப்படி நடந்தது?

முதலில், அது விசாரணை அல்ல. விதியில் உள்ள பெயர் ‘விளக்கம்’. ஐ.நா. படை ஒப்படைத்தவர்கள் 22,604 பேர். சீனர் 14,704, கொரியர் 7,900. மறுதரப்பு ஒப்படைத்தவர்கள் 359 பேர். கொரியர் 335, அமெரிக்கர் 23, பிரிட்டிஷார் ஒருவர்.

விதி சொன்னது இது. கைதியின் சொந்த நாடு தன் பிரதிநிதிகளை அனுப்பி, ஊர் திரும்பலாம், பயமில்லை என்று அவனுக்கு எடுத்துச்சொல்லலாம். ஆயிரம் கைதிகளுக்கு ஏழு பிரதிநிதிகளுக்கு மேல் கூடாது. கைதிகள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் மொத்தம் ஐந்து பேருக்காவது அனுமதி உண்டு. மிரட்டல், கட்டாயம் கூடாது. ஒவ்வொரு விளக்கத்தின்போதும் ஐந்து உறுப்பு நாடுகளின் ஆட்களும், கைதியை முன்பு பிடித்துவைத்திருந்த தரப்பின் ஆள் ஒருவரும் உடன் இருக்க வேண்டும். இதற்கு 90 நாள். பிறகும் மறுப்பவர்களின் கதியை ஓர் அரசியல் மாநாடு 30 நாளில் முடிவு செய்ய வேண்டும். அதுவும் ஆகாவிட்டால், மொத்தம் 120 நாள் கழித்து அவர்கள் கைதிகள் அல்ல, சாதாரண மக்கள்.

நடைமுறையில் விளக்கம் கூடாரங்களில் நடந்தது. கைதியைக் காவலர்கள் உள்ளே அழைத்துவருவார்கள், பிரதிநிதி பேசுவார், முடிவில் இரண்டு வாசல். ஒன்று ஊருக்கு, மற்றது முகாமுக்குத் திரும்ப.

அது ஏன் சொதப்பியது?

90 நாட்களில் விளக்கம் நடந்தது பத்து நாள்தான்.

கூடாரங்களும் வேலிகளும் தயாராகி முதல் விளக்கம் தொடங்கவே அக்டோபர் 15 ஆகிவிட்டது. கடிகாரமோ செப்டம்பர் கடைசி வாரத்திலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. கெடு டிசம்பர் 23. அதை நீட்டிக்க ஐ.நா. படை ஒப்பவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் முகாமுக்குள்ளேயே இருந்தது. வேலியிட்ட ஒவ்வொரு கைதி அடைப்பிலும் கம்யூனிச எதிர்ப்புக் குழுக்கள் ஏற்கெனவே அமைப்பாகத் திரண்டிருந்தன. அவற்றுக்குத் தைவானோடும் தென் கொரியாவோடும் தொடர்பு இருந்தது. ஊர் திரும்ப ஆசை என்று ஒருவன் வாய்திறந்தால் இரவில் அவனுக்கு அடி, சில நேரம் கொலை. வட கொரியக் கைதிகள் அடைப்பைவிட்டு வெளியே வரவே மறுத்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் வேலியை உடைக்க முயன்ற கைதிகள் மீது இந்தியக் காவலர்கள் சுட நேர்ந்து, உயிரிழப்பும் ஏற்பட்டது.

மூன்றாவது, விளக்கம் சொல்ல வந்தவர்களின் பிடிவாதம். சீன, வட கொரியப் பிரதிநிதிகள் ஒரே கைதியோடு மணிக்கணக்கில் பேசினார்கள். விதியில் நேர வரம்பு எழுதப்படவில்லை. காலையில் அடைப்பிலிருந்து கொண்டுவந்த கூட்டத்தில் பலரைக் கூப்பிடாமலே சாயங்காலம் ஆகிவிடும். அவர்களைத் திருப்பி அனுப்பினால், நாளை மறுபடி வரமாட்டோம் என்று அடைப்பே முரண்டுபிடிக்கும். விதி எழுதியவர்கள் கைதியின் உரிமையை யோசித்தார்கள், கூடாரத்தின் கடிகாரத்தை யோசிக்கவில்லை.

பலத்தைப் பயன்படுத்திக் கைதிகளை வெளியே கொண்டுவந்திருக்கலாமே?

போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் அதைத்தான் கூறின. சுவீடனும் சுவிட்சர்லாந்தும் பலம் கூடாது என்றன. தீர்மானிக்கும் வாக்கு திம்மய்யாவிடம். அவர் பலம் வேண்டாம் என்ற பக்கம் நின்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். காவல்படை சுமார் ஐந்தாறாயிரம் பேர். எதிரே இருபத்திரண்டாயிரத்துக்கு மேல், கூடாரக் கழியையும் கல்லையும் ஆயுதமாக்கிக்கொண்டு, சாகவும் துணிந்த கூட்டம். ஓர் அடைப்பை வலுவில் காலிசெய்தால் நூற்றுக்கணக்கில் பிணம் விழும். மற்ற அடைப்புகளும் வேலியை உடைக்கும். வேலிக்கு அந்தப்பக்கம் தென் கொரியப் படை காத்திருந்தது. அதற்கும் மேலாக, பிணமாகிவிட்டவனிடம் விருப்பம் கேட்க முடியாது. ஆணையமே விருப்பம் கேட்கத்தான் அமைக்கப்பட்டது.

இந்த முடிவால் கைதிகளை அடக்கிவைத்த முரட்டுக் குழுக்களுக்கே லாபம் என்ற குறை அன்றும் சொல்லப்பட்டது. அது முழுப்பொய் அல்ல. ஊர் திரும்ப விரும்பியும் வாய்திறக்க முடியாமல் போனவர்கள் இருந்திருப்பார்கள். ஆனாலும் போர்க்களத்தில் டாங்கியில் முன்னால் போன ஒரு மனிதர், கையில் துப்பாக்கிப் படை இருந்தும் அதைக் கட்டிப்போட்டு வைத்த அந்த நான்கு மாதங்களைத்தான் அவருடைய ராஜதந்திர வாழ்வின் உச்சமாக நாங்கள் பார்க்கிறோம்.

தோரட்டும் அதே பாதையில்தான் போனார். ஒரு முறை கைதிகள் மேஜர் கிரேவால் என்ற இந்திய அதிகாரியை அடைப்புக்குள் இழுத்துக்கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். தோரட் சுட உத்தரவிடாமல் தானே உள்ளே நடந்துபோய், ஆத்திரத்தில் கத்திக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே பேசி, அவரை மீட்டு வந்தார்.

1954 ஜனவரி 20 அன்று கைதிகளைத் திருப்பி ஒப்படைத்தது விதிமீறல் இல்லையா?

தேர்வுக்குப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம். நிதானமாகப் பாருங்கள்.

விதிப்படி அரசியல் மாநாடு கூட வேண்டும், கூடவே இல்லை. மாநாடு பரிசீலிக்காமல் கைதிகளைச் ‘சாதாரண மக்கள்’ என்று அறிவிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்பது திம்மய்யாவின் வாசிப்பு. 120 நாளைத் தாண்டிக் காவலில் வைக்கவும் அதிகாரம் இல்லை. விடுவிக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. மிஞ்சியது ஒன்றே: யார் ஒப்படைத்தார்களோ அவர்களிடமே திரும்ப ஒப்படைப்பது. அதையும் விடுதலை என்று சொல்லாமல், பழைய காவலுக்குத் திருப்புகிறோம், விதியின் அடுத்த படிகள் முடியாமல் இவர்களை விடுவித்தால் பொறுப்பு உங்களுடையது என்று எழுதிக் கொடுத்தார். ஐ.நா. படை அவர்களை உடனே விடுவித்தது. இரு தரப்பும் இந்தியாவைக் குறை சொன்னார்கள். இருவரும் போர்நிறுத்தத்தை முறிக்கவில்லை.

கடைசிக் கணக்கு: 22,604 பேரில் ஊர் திரும்பியவர்கள் 628. ஐ.நா. படையிடம் திரும்பியவர்கள் 21,839. காவலில் இறந்தவர்கள் 38, தப்பியோடியோ காணாமலோ போனவர்கள் 13. இந்தியாவுக்கு வந்தவர்கள் 86. மறுதரப்பின் 359 பேரில் 10 பேர் மனம்மாறித் தம் தரப்புக்குத் திரும்பினார்கள், 347 பேர் கம்யூனிசத் தரப்போடு நின்றார்கள், 2 பேர் இந்தியா வந்தார்கள். கூட்டிப்பாருங்கள், சரியாக வரும். 86 என்றும் 88 என்றும் புத்தகங்களில் மாறிமாறி வருவதற்குக் காரணமும் இதுதான்: ஒரு தரப்பை மட்டும் எண்ணினால் 86, இரண்டையும் எண்ணினால் 88. இந்த 88 பேர் டெல்லியில் தங்கவைக்கப்பட்டு, அவர்களில் பலர் பின்னர் பிரேசில், அர்ஜென்டினா போன்ற தென் அமெரிக்க நாடுகளுக்குக் குடியேறினார்கள்.

1954இல் திம்மய்யாவுக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டது.

1959இல் ராஜினாமா செய்தது ஏன்? பிறகு வாபஸ் வாங்கியது ஏன்?

தலைமைத் தளபதியாக இருந்தபோது பாதுகாப்பு அமைச்சர் அதே கிருஷ்ண மேனன். பதவி உயர்வுகளில் தளபதியின் சொல்லை மீறுகிறார், குறிப்பாக பி.எம். கவுல் என்ற அதிகாரி விஷயத்தில், என்பது முக்கிய மனத்தாங்கல். ஆகஸ்ட் 25 அன்று வடகிழக்கு எல்லையில் லோங்ஜுவில் சீனப் படையோடு மோதல். ஆகஸ்ட் 31 அன்று திம்மய்யா ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு அழைத்துப் பேசி வாபஸ் வாங்கவைத்தார். அதற்குள் செய்தி பத்திரிகைக்குப் போய்விட்டது. செப்டம்பர் 2 அன்று மக்களவையில் நேரு இதை மனோபாவ வேறுபாட்டால் வந்த சிறிய விஷயம்போல் பேசி, தளபதியையே லேசாகக் கண்டிக்கும் தொனியில் முடித்தார்.

வாபஸ் வாங்கியது தவறு என்று ராணுவத்தில் பலர் இன்றும் சொல்கிறார்கள். நாங்களும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். கடிதம் கொடுத்துவிட்டு, எந்த உத்தரவாதமும் எழுத்தில் பெறாமல் திரும்பப் பெற்றால் அடுத்த இருபது மாதம் கையில் ஒன்றும் மிஞ்சாது. கொரியாவில் ஒவ்வொரு வரியையும் எழுதிக் கொடுத்தவர் டெல்லியில் வாய்ச்சொல்லை நம்பினார். தனக்குப் பின் தோரட்டைப் பரிந்துரைத்தார், அரசு பி.என். தாப்பரைத் தேர்ந்தெடுத்தது. சீனா வடகிழக்கில் எப்படி இறங்கும் என்று தோரட் 1960இல் ‘லால் கிலா’ என்ற போர்ப்பயிற்சியில் காட்டியிருந்தார். 1962இல் ஏறக்குறைய அப்படியே நடந்தது.

சைப்ரஸில் என்ன செய்தார்?

ஓய்வுபெற்று மூன்றாண்டு கழித்து அழைப்பு வந்தது. கிரேக்க, துருக்கிய சைப்ரஸியர்களுக்கு இடையிலான மோதலைத் தடுக்க, 1964 மார்ச் 4 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 186ஆவது தீர்மானத்தால் உருவான படை அது. ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு மட்டும். முதல் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் பி.எஸ். ஞானி, அவரும் இந்தியர். ஜூலையில் திம்மய்யா பொறுப்பேற்றார். பிரிட்டன், கனடா, அயர்லாந்து, சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகியவற்றிலிருந்து வந்த பட்டாலியன்கள் அவர் கீழ். இந்தியப் பட்டாலியன் இல்லை. இதைப் பலர் தவறாக எழுதுகிறார்கள்.

வந்த அடுத்த மாதமே சோதனை. வடமேற்குக் கரையில் கொக்கினா பகுதியிலிருந்த துருக்கிய சைப்ரஸியர்களைக் கிரேக்கத் தரப்பு தாக்கியது; துருக்கியின் போர்விமானங்கள் வந்து குண்டு வீசின. பிறகு வந்த மாதங்கள் ஆரவாரமில்லாதவை, ஆனால் அந்த வேலைதான் அமைதிப்படையின் சாரம்: எந்தச் சாலையில் யார் சோதனைச்சாவடி வைப்பது, முற்றுகையிலிருக்கும் கிராமத்துக்குள் சிமெண்ட் போகலாமா, மணல்மூட்டை அரணை எத்தனை அடி பின்னால் நகர்த்துவது. தீவிலிருந்த துருக்கிப் படைப்பிரிவு ஆள்மாற்றும் சிக்கலில் 1964 அக்டோபரில் நிக்கோசியாவிலிருந்து கிரீனியா போகும் சாலை ஐ.நா. கட்டுப்பாட்டுக்கு வந்தது ஒரு நல்ல உதாரணம். இரு தரப்புக்கும் கொடுக்க முடியாததை மூன்றாமவர் கையில் வைப்பது அவருக்குக் கொரியாவிலேயே பழகிய முறை.

அரசியல் பேச்சு தளபதியின் வேலை அல்ல. அதற்குப் பொதுச்செயலாளரின் பிரதிநிதியும் சமரசத் தூதரும் தனியாக இருந்தார்கள். அவர் மறைந்த பின் 1966இல் சைப்ரஸ் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அந்தப் படை இன்றும் அங்கே இருக்கிறது.

அவர் தூதராக இருந்தாரா?

இல்லை. தூதர் பதவி அவருக்குக் கிடைத்ததே இல்லை. தளபதிகளில் தூதரானவர்கள் வேறு: கரியப்பா ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு ஹைகமிஷனர்; ஜே.என். சவுத்ரி கனடாவுக்கு, தாப்பர் ஆப்கானிஸ்தானுக்கு. செங்கல்பட்டில் பிறந்த வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி, முதல் இந்தியக் கடற்படைத் தலைமைத் தளபதி, பர்மாவுக்குத் தூதராகப் போனார். தமிழில் அவரைப் பற்றிப் போதுமான அளவு யாரும் எழுதவில்லை.

பெங்களூரில் எங்கெங்கே பார்க்கலாம்?

அரைநாள் போதும். ரிச்மண்ட் சர்க்கிளில் தொடங்குங்கள். ஆட்டோவில் ‘திம்மய்யா ரோடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே பெயரில் ஊருக்குள் வேறு சாலைகள் இருக்கின்றன, சிவாஜி நகர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ‘ரிச்மண்ட் ரோடு’ என்றே சொல்லுங்கள். பக்கத்திலேயே பிஷப் காட்டன் பள்ளி. வெளியிலிருந்து பார்க்கலாம், உள்ளே போக அனுமதி வேண்டும். சமாதி வில்சன் கார்டனில். அங்கேயும் காவலாளியிடம் ‘ஜெனரல் திம்மய்யா’ என்று முழுதாகக் கேளுங்கள்.

அல்சூரில் எம்.இ.ஜி. மையம் படைமுகாம். நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. முன்கூட்டி எழுதி அனுமதி பெற வேண்டும், அடையாள அட்டையின் மூலப்பிரதி வேண்டும், படம் எடுக்கக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மடிக்கேரியில் அவர் வளர்ந்த ‘சன்னி சைடு’ வீடு 2021 பிப்ரவரியில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மைசூர் ரோடு சாட்டிலைட் பஸ் நிலையத்திலிருந்து பஸ் உண்டு. மழைக்காலத்தில் மலைப்பாதையில் நேரம் இழுக்கும். ஒரே நாளில் போய்த் திரும்புவது சிரமம்.

என் தாத்தா கொரியாவுக்குப் போனார் என்கிறார்கள். எப்படி உறுதிசெய்வது?

முதலில் எந்தப் பயணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 1950 முடிவிலேயே போனது 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், மகாவீர் சக்கரம் பெற்ற தமிழ் மருத்துவர். 1953இல் போனது காவல்படை. மருத்துவப் பிரிவில் இருந்தவர் என்றால் இரண்டிலுமே இருந்திருக்கலாம்.

வீட்டில் தேட வேண்டியவை: டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, பதக்கங்கள். பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழியும். விதேஷ் சேவா பதக்கத்தின் ரிப்பனில் கொரியா என்ற பட்டை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, அவருடைய ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீசுக்குக் கடிதம். சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். படை எண், பெயர், சேர்ந்த ஆண்டு, ஓய்வுபெற்ற ஆண்டு, உங்கள் உறவுக்கான சான்று ஆகியவற்றை இணையுங்கள். நெருங்கிய வாரிசு எழுதினால் பதில் எளிதாக வரும். பேரன் பேத்தி எழுதுவதாக இருந்தால் அப்பா அல்லது பாட்டியின் கையொப்பத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

பெரும்பாலும் தடங்கல் வருவது பெயரில்தான். அன்றைய எழுத்தர்கள் தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ‘முனுசாமி’ மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும், தகப்பன் பெயர் ஊர்ப்பெயராக மாறியிருக்கும். பெயரை நம்பித் தேடச் சொன்னால் ‘பதிவு இல்லை’ என்று பதில் வரும். எண்ணைக் கொடுத்தால் கிடைக்கும். எண் தெரியவில்லை என்றால், பென்ஷன் வாங்கிய வங்கிக் கிளையில் பழைய பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நகலைக் கேட்டுப்பாருங்கள், அதில் படை எண் அச்சிட்டிருக்கும்.